துணியில் எழுதிய சொல்

ஏழு மணிச் சங்கு ஊதியபோது புஷ்பா பந்தலுக்கு வந்து சேர்ந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மற்றக் கம்பெனிகளின் கேட்டுகள் திறந்திருந்தன. கஜபதி வேலை பார்த்த கம்பெனியின் கேட் மட்டும் பூட்டிக் கிடந்தது. அதற்கு எதிரே, சாக்கடைக்கு இந்தப் பக்கம், கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் ஒரு ஜமுக்காளம். அதன்மேல் அவள் கணவன் கஜபதி தனியாக உட்கார்ந்திருந்தான். முந்தைய நாளே சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன்.

“இன்னாய்யா, ஊட்டுக்கு வரல?”

அவன் பந்தலின் முன்பக்கத்தைக் கையால் காட்டினான். வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து. அவள் வெளியே போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். சாகும்வரை உண்ணாவிரதப் போராட்டம் என்று இருந்தது. திரும்பி வந்தாள்.

“தப்பா எய்தி கீறாங்க.”

“ஆமா,” என்றான் கஜபதி.

லாரிகளுக்குத் தகடு அடித்துத் தரும் கம்பெனி அது. பிரஸ் மெஷினில் கைக்குக் குறுக்கே வரும் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டால் வேலை வேகமாக நடக்கும். கழற்றிவிட்டார்கள். குணசேகரன் என்ற தொழிலாளியின் வலது கை விரல்கள் போயின. தடுப்பை மாட்டும்வரை மெஷினைத் தொட மாட்டோம் என்று நின்றவர்களைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கம்பெனி கேட்டைப் பூட்டியது. கவர்னர் ஆட்சி நடந்த வருஷம். மனு கொடுக்க ஒரு மந்திரிகூட இல்லை.

நியாயம் சங்கத்தின் பக்கம் இருந்தது. புஷ்பாவுக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை.

சங்கக் கூட்டத்தில் முடிவானது தொடர் உண்ணாவிரதம். தினம் ஐந்து பேர் காலையில் உட்காருவது, சாயங்காலம் எலுமிச்சம்பழச் சாறு குடித்து எழுந்திருப்பது, மறுநாள் வேறு ஐந்து பேர். முதல் நாள் முறை கஜபதிக்கும் வந்தது. அவனுக்குக் குடல்புண் உண்டு. ஷிஃப்ட் மாறி மாறி, நேரங்கெட்டுச் சாப்பிட்டதால் வந்த புண். ஒரு பகல்தானே என்று புஷ்பா பழைய சோற்றைக் காலையில் கட்டாயப்படுத்தி ஊட்டி அனுப்பியிருந்தாள்.

பகலில் ஒரு மாலைப் பத்திரிகைக்காரர் வந்தார். துணியைப் படித்தார். ஐந்து பேரில் ஓரமாக இருந்தவனிடம் பெயர் கேட்டார். கஜபதி சொன்னான். மற்றவர்களிடம் கேட்பதற்குள் அவருக்குப் பஸ் வந்துவிட்டது. சாயங்காலம் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. சாகும்வரை உண்ணாவிரதம், தொழிலாளி கஜபதி உறுதி. அதற்கு முன் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியதில்லை.

மற்ற நான்கு பேருக்கும் சாறு கொடுத்தார்கள். கஜபதியின் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

புஷ்பா பந்தலில் நின்றிருக்கும்போதே சங்கச் செயலாளர் பரந்தாமன் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். ஒரு கால் சற்று இழுக்கும். வேறொரு ஊரில், வேறொரு போராட்டத்தில் போலீஸ் அடித்த அடி. அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

“சார், எய்துனவரு தப்பா எய்திட்டாரு. இவரு எய்ந்து வரட்டும்,” என்றாள் புஷ்பா.

“தெரியும்மா. தப்புதான். ஆனா பாருங்க, நாம எழுதச் சொன்னது யார் கண்ணுலயும் படல. தப்பா எழுதினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அந்தத் துணிக்கு நம்மள விட புத்தி அதிகம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தான்.

“அவருக்கு வயித்துல புண்ணு கீது சார்.”

“தண்ணி குடிக்கலாம். ரெண்டு நாள். அதுக்குள்ள பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுடுவாங்க.”

“கூப்புடலன்னா?”

பரந்தாமன் சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்தார். “இவரைச் சாக விட்டா அந்தப் பழி கம்பெனிக்கு. அதை அவங்க தாங்க மாட்டாங்க.”

அவர் சொன்னதில் செத்த பிறகு நடப்பது மட்டும் இருந்தது. புஷ்பா புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். அவன் அப்படிப் போடுவதில்லை.

பார்க்க வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் மாலை கொண்டுவந்தார்கள். பத்து வருஷமாகப் பிரஸ் சத்தத்தில் நின்றவன், வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவன். இப்போது அவன் இருமினால்கூடப் பேச்சு நின்றது.

புஷ்பா ரயில்வே ஸ்டேஷன் அருகில் துலுக்கானத்தின் கடையைத் தேடிப் போனாள். விளம்பரத் துணி எழுதுபவர். சுவரில் ஒரு துணியை ஆணியடித்து, சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எஸ்டேட் சங்கத்துக்குத் துணி எய்துனது நீங்கதானே?”

“நான்தாம்மா. இன்னா, துணி கிய்ஞ்சிடுச்சா?”

“தொடர்னு எய்தச் சொன்னாங்களாம். நீங்க சாகும்வரைன்னு எய்தி கீறீங்க.”

துலுக்கானம் பிரஷை டப்பாவில் வைத்தார். “அப்பிடியா எய்துனேன்?” “உண்ணாவிரதம்னு சொன்னா கை தன்னால அத்த எய்திடும்மா. வர்ற ஆளெல்லாம் அதான் கேக்கறான். அளவு மனசுல கீது. தொடர்னா மூணு எய்த்து. துணி பாதி காலியா நிக்கும். இது அஞ்சு எய்த்து. துணி நெறஞ்சிடும்.” பிறகு சொன்னார்: “யாரும் நெஜமா சாவறதுல்லியேம்மா. சாயங்காலம் ஜூஸ் குட்ச்சிட்டு ஊட்டுக்குப் பூடுவாங்க. எத்தினி எய்தி கீறேன்.”

“இவரு ஊட்டுக்கு வரல.”

அவர் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் சிவப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவளோடு வந்தார்.

பந்தலில் ஏணி கேட்டார். யாரும் தரவில்லை. ஒரு டிரம்மை உருட்டி வந்து அதன்மேல் ஏறினார். வெள்ளைப் பெயிண்டில் பிரஷை முக்குவதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணாத்தே, எறங்கு.”

“தப்பு என்னுதுப்பா. நானே திருத்திட்டுப் போறேன்.”

“யார் அனுப்சது? கம்பெனியா?”

“எங்கம்மா மேல சத்தியமா இந்தப் பொண்ணு கூப்டுச்சு.”

எல்லோரும் புஷ்பாவைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுடைய அண்ணன் கோவிந்தராஜும் இருந்தான். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை. மத்திய அரசு உத்தியோகம், குவார்ட்டர்ஸ். ஷிஃப்ட் முடிந்ததும் தன் சங்கத்து ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆதரவு தெரிவிக்க வந்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே புத்தகம் படிப்பவன். கூட்டத்தில் நன்றாகப் பேசுவான்.

“புஷ்பா, இன்னா பண்ற நீ?” அவளைத் தள்ளி அழைத்துப் போனான். “இப்ப அத்த அழிச்சா இன்னா ஆவும் தெரியுமா? நாளைக்குப் பேப்பர்ல போடுவான். பயந்துட்டாங்கன்னு. இத்தினி குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்.”

“என் குடும்பம் எங்க நிக்கும்?”

“ஒருத்தர் தன்ன குடுத்தாத்தான் நாலு பேருக்கு வெளிச்சம். சரித்திரத்த எட்த்துப் பாரு.”

“நீ குடேன். நீ போய் உக்காரு. அவர எய்ப்பு.”

“எனக்கு சென்ட்ரல் கவர்மெண்ட் வேலைம்மா. உக்காந்தா மெமோ குடுப்பான்.”

அதைச் சொல்லிவிட்டு அவன் கூச்சப்படவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

“மாப்ள அவரா விரும்பித்தான் உக்காந்து கீறாரு,” என்றான் பிறகு. “யாரும் கைய கட்டி உக்கார வெக்கல. அவரு முடிவுல நீ கை வெக்கக் கூடாது. அது அவருக்கு அவமானம்.”

“அவரு விரும்புனது ஒரு பகலு. மீதிய துணி விரும்புச்சு.”

அதற்குள் பந்தலில் கைதட்டல். கஜபதி எழுந்து நின்றிருந்தான். துலுக்கானத்தின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். “உட்ரு நைனா. இருக்கட்டும்,” என்றான். அவ்வளவுதான் பேசினான். அதற்கே கோஷம் எழுந்தது. துலுக்கானம் டப்பாக்களை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார்.

பரந்தாமன் சொன்ன ரெண்டு நாள் கடந்துவிட்டது. பேச்சுவார்த்தைக்கு யாரும் கூப்பிடவில்லை. கம்பெனி மானேஜர் பின்பக்கக் கேட் வழியாக வந்து போனார்.

கஜபதி படுத்துவிட்டான். வயிற்றின்மேல் ஈரத் துண்டு போட்டிருந்தார்கள். புஷ்பா சம்படத்தில் கஞ்சி கொண்டுபோனாள். பந்தல் வாசலில் ஆதரவுக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வெள்ளைச் சேலை உடுத்திய டீச்சர், அவள் கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள கொண்டுபோக வேண்டாம்மா. பார்க்கிறவங்க தப்பா நினைப்பாங்க. ராத்திரியில சாப்பிடறார்னு ஏற்கெனவே கம்பெனி கிளப்பிவிடுது.”

“சாப்புட்டா நல்லதுதானே.”

“உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. நானும் பொண்ணுதான். ஆனா அவர் இப்ப உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்ல.”

புஷ்பா சம்படத்தைக் கீழே வைத்தாள். “வேற யாருக்கு அவரு ஊட்டுக்காரரு? சொல்லுங்க, அவங்களயும் வந்து கஞ்சி காய்ச்சச் சொல்றேன்.”

ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். டீச்சர் சிரிக்கவில்லை. கையை விடவும் இல்லை.

கஞ்சி ஆறிப்போனது. உள்ளேயிருந்து கஜபதி கூப்பிட்டான். அவளை மட்டும், சம்படம் இல்லாமல், விட்டார்கள். அவன் வாயில் புளித்த நாற்றம்.

“எய்ந்து வந்துருய்யா. உன் கால்ல உய்றேன்.”

“எப்பிடி வர்றது புஷ்பா? எல்லாரும் பாத்துகினு கீறாங்க.”

“பாக்கட்டும்.”

“நான் எய்ந்தா, வேலை போனவங்கள்லாம் என் மூஞ்சியப் பாப்பாங்க. குணசேகரன் தெனம் வந்து உக்காந்துக்கறான். அந்தக் கைய வெச்சுகினு விசிறி வீசறான். அவனாண்ட நான் இன்னா சொல்றது?” கண்ணை மூடிக்கொண்டான். “பரந்தாமன் எய்ந்திருன்னு சொன்னா எய்ந்துப்பேன். அவரு சொல்லட்டும்.”

அவள் பரந்தாமனிடம் போனாள். “நான் எப்படிம்மா எழுந்திருன்னு சொல்ல முடியும்? அது அவருடைய உறுதி,” என்றார் அவர். அவர் முகம் கறுத்திருந்தது. அவரும் சரியாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. “ஒரு வார்த்தை அவர் வாயால, போதும்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நானே சாறு கொடுக்கறேன்.”

அவன் இவர் சொல்லட்டும் என்றான். இவர் அவன் சொல்லட்டும் என்றார். நடுவில் பந்தலும் ஜமுக்காளமும் கூட்டமும் இருந்தன. புஷ்பா பந்தலுக்குத் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

“எங்க ஊட்டுக்காரர அரெஸ்ட் பண்ணுங்க சார்.”

“இன்னா பண்ணாரு? அடிச்சாரா?”

“சாப்புடாம கீறாரு.”

அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடி வைத்தார். “நீ எஸ்டேட் பந்தலா? நாங்களே தூக்கணும்னுதான் கீறோம். கூட்டம் அதிகமா கீது. நாளைக்கு ஆளு கம்மியா இருக்கச்சொல்ல பாக்கலாம்.” கொஞ்சம் கழித்து, “நீ வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத. உனக்குத்தான் பேஜாரு,” என்றார்.

அவள் சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை இருந்தது. டீக்கடையில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் ஜீப்பும் ஆம்புலன்ஸும் வந்தன. ஆள் குறைவாக இருக்கும் என்று போலீஸ் நினைத்தது. செய்தி முன்பே போயிருந்தது. ஆவடியிலிருந்து கோவிந்தராஜ் லீவு போட்டுவிட்டு ஆட்களோடு வந்திருந்தான். பந்தலைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். பெண்கள் உள்வட்டத்தில். கோவிந்தராஜ் ஜீப்புக்கு முன்னால் தார் ரோட்டில் மல்லாந்து படுத்தான். வெயிலில் தார் இளகியிருந்தது. அவன் வெள்ளைச் சட்டை நாசமானது. அன்றைக்கு அவனிடம் பயம் எதுவும் இல்லை. மெமோவைப் பற்றியும் யோசித்திருக்க மாட்டான். புஷ்பா அதை ஒப்புக்கொண்டாள்.

“எங்கள் தோழரைத் தொடாதே,” என்று கத்தினார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் சலவை செய்த விரிப்பு. புஷ்பா அதற்குப் பக்கத்தில் நின்று, கைகோத்தவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் இருந்தான். அவனைக் காப்பாற்ற வந்த வண்டியிடமிருந்து அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வாக்கிடாக்கியில் யாரிடமோ பேசினார். தடியடி வேண்டாம் என்று பதில் வந்திருக்க வேண்டும். ஜீப் பின்னால் நகர்ந்தது. ஆம்புலன்ஸும் போனது. வெற்றி வெற்றி என்று கூவினார்கள். யாரோ பட்டாசு வெடித்தார்கள்.

கோவிந்தராஜ் தாரைச் சுரண்டிக்கொண்டே தங்கையிடம் வந்தான். “ஸ்டேஷனுக்குப் போனியா நீ?”

“போனேன்.”

“கருங்காலின்னு பேசிக்கிறாங்க புஷ்பா. என் தங்கச்சிய.”

“பேசிக்கட்டும். நீ அவர இன்னும் ஒரு நாளு சாவடிச்ச.”

அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் தார் ஒட்டியது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கஜபதி ரத்தமாக வாந்தி எடுத்தான். காப்பித்தூள் கரைத்ததுபோல முதலில். பிறகு சிவப்பாகவே. அப்போது ஆம்புலன்ஸ் இல்லை. போனுக்கு ஓடினார்கள். பக்கத்துக் கம்பெனியின் தகடு ஏற்றும் வேனில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோவிந்தராஜ் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் மாப்ள மாப்ள என்று கூப்பிட்டான். பந்தலில் சொன்ன ஒரு வார்த்தையையும் அவன் அங்கே திரும்பச் சொல்லவில்லை.

காலையில் டாக்டரம்மா புஷ்பாவை வராந்தாவுக்கு அழைத்தார்.

“புண்ணு ஓட்டையாயிடுச்சு. ரத்தம் ஏத்தணும். ஆபரேஷன் பண்ணணும். ரெண்டு தடவை ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டார். சம்மதிக்க மாட்டேங்கிறார். நினைவோட இருக்கிற ஆளை என்ன பண்றது? நீங்க பேசுங்க. சாயங்காலம்வரை தாங்க மாட்டார்.”

கட்டிலில் அவன் சின்னவனாகிக் கிடந்தான். உதடுகள் வெளுத்திருந்தன.

“கூப்டாங்களா?” என்றான்.

வரும்வழியிலேயே அவள் யோசித்து வைத்திருந்தாள். “கூப்டாங்க. பேசியாச்சு. எல்லாருக்கும் வேலை குடுத்துட்டாங்க. மெஷினுக்குத் தடுப்பும் மாட்டறாங்களாம். முடிஞ்சிடுச்சுய்யா.”

அவன் அவளையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பொய் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

“பரந்தாமன் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“அவர வரச் சொல்லு. அவரு வாயால கேக்கறேன். அப்பறம் ஊசி போடட்டும்.” மூச்சு வாங்கினான். “அவரு பொய் சொல்ல மாட்டாரு.”

அவள் படியிறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே கூட்டம். கோஷம் போட்டுக் குரல் கம்மியவர்கள். ரோட்டோரம் பரந்தாமன் ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை, தான் சொன்ன பொய்யை, அவன் கேட்டதை. பரந்தாமன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. அது நிஜமான நீர்.

“லேபர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தார்மா. இப்பத்தான், அரை மணி நேரம் முன்ன. நாளைக்குக் கூப்பிடறோம்னு வாய்வார்த்தையா சொல்லியிருக்காங்க. இவர் நிலைமை தெரிஞ்சுதான் சொல்றாங்க. இன்னிக்கு முடிச்சுக்கிட்டார்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான். இவர் பட்டதெல்லாம் வீணாப் போயிடும்.”

“நாளைக்கு அவரு இருக்க மாட்டாரு சார்.”

“டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான்…” அவர் முடிக்கவில்லை. “நான் இந்த ஆளுங்ககிட்ட ஒரு நாள் பொய் சொன்னதில்ல. அதனாலதான் என் பின்னால நிக்கறாங்க. முடிஞ்சுதுன்னு அவர்கிட்ட நான் எப்படி…”

கூட்டம் மெதுவாக நெருங்கி வந்தது. குணசேகரன் முன்னால் நின்றான். விரல் இல்லாத கையை இன்னொரு கையால் மூடியிருந்தான். பரந்தாமன் அவனைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார்.

“நெஜம், பொய்யி, அது எனக்கு வோணாம்,” என்றாள் புஷ்பா. “அவரு உங்க வாயத்தான் பாத்துகினு கீறாரு. மேல வந்து சொல்றீங்களா, இல்லியா?”